மூன்று விளக்கு எரியவில்லை

தாலி கட்டப்போகும் கையையே
"மாப்ள, ஒரு நிமிஷம், இப்படித் திரும்புங்க" என்று
நிறுத்திவைத்து எடுத்தவன் நான்.
இங்கே யாரை நிறுத்த.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
பாலிடெக்னிக்கின் உள்ளரங்கம்.
தகரக் கூரை. உயரத்தில் எட்டு விளக்கு.
ஐந்து எரிகிறது.
இடது ஓரக்கோட்டுக்கு மேலே இருக்கும் மூன்றும்
போன மழையிலேயே செத்தவை.
"ஏணி வரணும் சார்," என்றார் வாட்ச்மேன்,
"ஏணி பர்கூர்ல இருக்கு."

ஃபிளாஷ் கூடாதென்று நடுவர் முதலிலேயே விரலை ஆட்டிவிட்டார்.
ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு.
சிராஜுதீனிடம் இரவல் வாங்கிய ஒன்று புள்ளி எட்டு லென்ஸ்
முழுசாகத் திறந்தாயிற்று,
இதற்கு மேல் திறக்க அதற்கு வாயில்லை.
ஷட்டரை ஐந்நூறில் ஒன்று வைத்தால் எல்லாரும் நிழல்.
நூறில் ஒன்று வைத்தால்
எல்லாருக்கும் நாலு கை.
எரிகிற ஐந்தாவது ஒழுங்கா?
கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கின்றன.
ஒரு படம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி,
அதே இடத்தில் அடுத்த படம்
கருவாடு.

கூர்மையாக விழுந்தவை:
சுவரில் "எச்சில் துப்பாதீர்".
ஸ்கோர் அட்டை திருப்பும் பையனின் கொட்டாவி.
பெஞ்சில் கணுக்காலுக்கு ஐஸ் வைத்தபடி ஒரு பெண்.
அசையாததெல்லாம் அழகாக விழுந்தது.

இரண்டாவது குவார்ட்டரில்தான் காதில் பட்டது.
இருட்டு ஓரத்திலிருந்து
"இக்கட. இக்கட."
வேப்பனப்பள்ளித் தெலுங்கு.
ஓசூர்ப் பெண்கள் திரும்பித் தேடுவதற்குள்
பந்து கைமாறி
வெளிச்சத்துக்குள் வந்து
வளையத்தில் இறங்கிவிட்டது.
கருநீல ஜெர்சி, பதினொன்றாம் எண்.
பக்கத்திலிருந்த பி.டி. மாஸ்டரிடம் கேட்டேன்.
"நாகவேணி. லாரி ஷெட்டுல வேலை பாக்குறவர் பொண்ணு" என்றார்,
கண்ணை எடுக்காமல்.

பாதி நேரம் முடிந்து பக்கம் மாறினார்கள்.
நானும் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்முனைக்குப் போனேன்.
இருட்டு இப்போது எனக்கு வலப்பக்கம்.
அவளும் வலப்பக்கம் வந்து நின்றாள்.

அப்போதுதான் உறைத்தது.
ரெண்டு மணி நேரமாக நான் திட்டிக்கொண்டிருந்த அந்த மூலை
அவர்கள் அணிக்கு
ஆறாவது ஆள்.

அறுநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.
அவள் எடுத்தது இருபத்திரண்டு புள்ளி.
ஒன்றிலாவது அவள் முகம் இருக்கிறதா என்று
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
புள்ளி புள்ளியாக இரைச்சல், அதில் ஒரு முழங்கை,
அதுவும் அவளுடையதுதானா தெரியாது.

ஒரு படம் மட்டும் அழிக்கவில்லை.
பந்து பாதி வெளிச்சத்தில், பாதி இல்லை.
ஓசூர் அணியின் ஐந்து பேரும்
படத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்க்கிறார்கள்.
ஒருத்தி வாயைக்கூட மூடவில்லை.

பத்திரிகைக்காரருக்கு அது வேண்டாமாம்.
"ஆளே இல்லியே தம்பி, கோப்பையை அனுப்பு."
கோப்பையும் எடுத்திருந்தேன்.
எரிகிற விளக்குக்கு நேர்கீழே எல்லாரையும் நிறுத்தி,
நடுவில் மாங்கூழ் ஆலை முதலாளி,
அசையாதீங்க, அசையாதீங்க என்றேன்.
யாரும் அசையவில்லை.
நாகவேணி கண்ணை மூடிவிட்டாள்.

அதன் பிறகுதான் முதலாளி மைக்கைப் பிடித்து
அடுத்த வருடத்துக்குள் எட்டும் எல்இடி, என் செலவு, என்றார்.
அரங்கமே தட்டியது.
கேமரா கழுத்தில் ஆட
நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியிருப்பேன்.

தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.
அவள் இருட்டு ஓரத்து பெஞ்சில் குனிந்து
ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
முடிச்சு இறுகியிருந்தது போல.